மா தின் கொடுத்த பிராது

துறைமுகக் கூலிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கிடங்கில் திருடன் அகப்பட்டால் போலீசைக் கூப்பிட மாட்டார்கள். பின்னாலிருந்து அவன் தலையில் ஒரு காலிக் கோணியைக் கவிழ்த்து, இடுப்பு வரை இழுத்து, கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மொத்துவார்கள். கோணி போடுவது என்று அதற்குப் பேர். அடி வாங்கியவனுக்கு அடித்தது யாரென்று தெரியாது. அடித்தவர்களுக்கோ மறுநாள் எதுவுமே ஞாபகம் இருக்காது.

ஏட்டு குமாரவேல் திருவள்ளூரிலிருந்து ராயபுரத்துக்கு மாற்றலாகி வந்த நாள்முதல், கோணி போட்ட கேஸில் ஒரு சாட்சியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் அவர் மனிதர்களை நம்புவதையே விட்டுவிட்டார். 'நல்லா இருக்கீங்களா' என்று யாராவது கேட்டால்கூட, இவன் எதற்குக் கேட்கிறான் என்று யோசிப்பார்.

1930ஆம் வருஷம், ஆனி மாதம். ரங்கூன் துறைமுகத்தில் பர்மாக்காரர்களுக்கும் நம் பக்கத்துக் கூலிகளுக்கும் வெட்டுக்குத்து என்று செய்தி வந்திருந்த சமயம். கப்பலுக்குக் கப்பல் கட்டுப் போட்ட தலைகள் இறங்கின. அடிபட்டவர்கள் சொன்னது கொஞ்சம், கேட்டவர்கள் கூட்டிச் சொன்னது கொஞ்சமென்று தெருவெல்லாம் பர்மாப் பேச்சுதான். அந்தத் தெருவில் இருந்த ஒரே பர்மாக்காரி மா தின்.

ரங்கூன் அரிசி மில்லில் வேலை பார்த்த வரதன் அவளை அங்கேயே கல்யாணம் பண்ணி, போன வருஷம் கூட்டிவந்து தெருக்கோடியில் குடிவைத்துவிட்டுத் திரும்பக் கப்பலேறினான். மா தின் துறைமுக வாசலில் பட்டாணி வடை சுட்டு விற்றாள். கலவரத்துக்குப் பிறகு வரதனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அதுவரை வடையை வாங்கித் தின்று விரலையும் நக்கியவர்கள், இப்போது அவள் அதில் மருந்து வைப்பாள் என்றார்கள். முதலில் சொன்னவன் வரதனின் அண்ணன் மண்ணாங்கட்டி. துறைமுகத்தில் மேஸ்திரி. முன்னால் பிறந்தவை தங்காமல் போனதால் அவனுக்கு அந்தப் பேர். ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிடத் தெருவில் யாருக்கும் தைரியம் கிடையாது. எல்லாருக்கும் அவன் மேஸ்திரிதான்.

ஒரு சாயங்காலம், மா தின் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பர்மாக்காரன் ஒருவனுக்குத் தெரு கோணி போட்டது. தலையில் பர்மாத் துணிக்கட்டு, மேலே பர்மாச் சட்டை. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அடித்து, கடற்கரை மணலில் வலைகளுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். மீனவர்கள் சொல்லி ஏட்டு குமாரவேல் போய்ப் பார்த்தபோது உயிர் இருந்தது. முகம் பூசணிக்காயாக வீங்கி, தாடை உடைந்து, பேச்சு இல்லை. ஆசுபத்திரியில் சேர்த்துவிட்டுத் தெருவுக்கு வந்தார்.

"இருட்டிப் பூட்ச்சு ஏட்டய்யா, ஒண்ணும் கண்ணுக்குத் தெர்ல" என்றாள் மா தின்னின் பக்கத்து வீட்டுக் கெங்கம்மா.

"விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி நடந்திருக்கு. அதுக்குள்ள இருட்டா?"

"எனக்குக் கண்ணு மங்கல்."

தெரு முழுக்க அன்றைக்குக் கண் மங்கல்தான். இத்தனை குருடர்கள் எப்படிக் கப்பலில் சரக்கு ஏற்றுகிறார்கள் என்று ஏட்டு வியந்தார்.

மறுநாள் காலையில் மா தின் தானாகவே ஸ்டேஷனுக்கு வந்தாள். சம்பவத்தின்போது அவள் துறைமுக வாசலில் இருந்தாள்.

"அவரு என் வூட்டுக்கு வந்தாரு. எங்க ஊரு ஆளு. வரதன் சேதி கொண்டாந்திருப்பாரு. நான் பார்க்கணும்" என்றாள். அவளுடைய தமிழ் வரதனிடம் கற்றது. சொற்கள் ராயபுரத்துடையவை, இழுவை மட்டும் வேறு.

"உனக்குச் சேதி சொல்ல வந்தவனா, உன்கிட்ட சேதி கேக்க வந்தவனா?"

"தெரியாது. பார்த்தா தெரியும்."

ஏட்டு விடவில்லை. பார்க்க விட்டால், சைகையிலாவது இருவரும் ஒரே கதையைப் பேசி வைத்துக்கொள்வார்கள் என்பது அவர் எண்ணம். மா தின் நகரவும் இல்லை. அந்த ஆள் செத்துப்போனால், தன் புருஷன் இருக்கிறானா இல்லையா என்பதும் அவனோடு போய்விடும் என்று அவள் பயந்தாள்.

"அப்போ பிராது எழுதுங்க. என் வாசல்ல ஒரு மனுசனை அடிச்சாங்க."

"அடிபட்டவன் பேர்?"

"தெரியாது."

"பேர் தெரியாத ஆளுக்காகவா பிராது?"

"பேர் இல்லேன்னா வலிக்காதா?"

ஏட்டுக்குச் சுருக்கென்றது. 'பர்மாக்காரர் ஒருவரை அடித்ததாக' என்று எழுதினார். அவள் பர்மா எழுத்தில் வட்டம் வட்டமாகக் கையெழுத்துப் போட்டாள். அதையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் பிராதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "எவனோ ஒரு பர்மாக்காரனுக்காகத் துறைமுகக் கூலி அத்தனை பேரையும் பகைச்சுக்கச் சொல்றியா? சாட்சி இல்லேன்னு கேஸைக் கட்டி வை. அந்தப் பொம்பளையை அடுத்த கப்பல்ல ஏத்திவிடு, அவளுக்கும் நல்லது."

கட்டி வைத்திருக்கலாம். ஆனால் சந்தேகம் பிடித்த மனிதருக்குத் தூக்கம் வராது. அன்று மத்தியானம் அடிபட்டவனின் சட்டையைக் கொண்டுவந்து மா தின் முன்னால் போட்டார், அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க. பொத்தான்களுக்குப் பதில் துணி முடிச்சுகள் வைத்துத் தைத்த சட்டை. அவள் அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இது நான் தைச்சது. எங்க அப்பா சட்டை." சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க அப்பாவையா அடிச்சாங்க?"

"கிழவன் இல்லம்மா. முப்பது வயசு இருக்கும்."

"அப்பா இதை யாருக்கும் குடுக்க மாட்டாரே."

பொய் சொல்கிறவள் இப்படிக் குழம்ப மாட்டாள் என்று ஏட்டுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவருக்கு எரிச்சலாக இருந்தது. அவளைப் பின்னால் வரச் சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு நடந்தார். மண்ணாங்கட்டி கிடங்கு நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் காறித் துப்பினான்.

"இன்னா ஏட்டய்யா, இவளை இட்டுகினு சுத்துறே? எந்தம்பிய முய்ங்கிட்டு நிக்கிறா."

"நேத்து நீ எங்க இருந்தே?"

"வூட்ல. நான் ஒண்ணும் பார்க்கல. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அவன் சும்மா வந்த ஆளு இல்லே, உளவு பார்க்க வந்துகீறான். கோணிக்குள்ளேர்ந்து என் பேரைச் சொல்லிக் கத்துறான்!"

"மேஸ்திரின்னா?"

"அத்த சொன்னா பரவால்லியே. மண்ணுண்ணா, மண்ணுண்ணான்னு கத்திகினு கீறான். அப்டி என்னிய எந்தம்பி ஒர்த்தன்தான் கூப்டுவான். இவதான் சொல்லிக் குட்த்து கீறா. தமிழு கூடக் கத்துக்குட்த்து அனுப்பிகீறாளே, எம்மாம் திட்டம் பாரு! எந்தம்பிய முட்ச்சா மாதிரி என்னியும் முடிக்க வந்தவன்."

ஒன்றும் பார்க்காதவனுக்கு இவ்வளவு கேட்டிருக்கிறதே என்று ஏட்டு சொல்ல வாயெடுத்தார். வேறொன்று அவருக்கு உறைத்தது. மாமனாரின் சட்டை. முப்பது வயசு. தமிழில் கத்தியவன். மா தின் அதற்குள் வாசலை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தாள்.

"நீயும் வா" என்று மண்ணாங்கட்டியின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார் ஏட்டு.

ஆசுபத்திரியில் மா தின் கட்டிலில் கிடந்தவனின் முகத்தைப் பார்க்கவே இல்லை. முகம் என்று அங்கே ஒன்றும் இல்லை. காலைப் பார்த்தாள். அரிசி மில் இயந்திரத்தின் பட்டை சீவியெடுத்த பழைய தழும்பு கணுக்காலில் இருந்தது. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "வரதன்" என்றாள். மீசை எடுத்திருந்த அந்த வாய் லேசாக அசைந்தது.

ரங்கூனில் அவளுடைய அப்பா தன் சட்டையையும் தலைக்கட்டையும் மருமகனுக்குப் போட்டுவிட்டு, அவனைப் பர்மாக்காரன் போலக் கப்பல் வரைக்கும் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே அந்த வேஷம் உயிரைக் காப்பாற்றியது. மாற்றுத் துணி இல்லாமல் அதே வேஷத்தோடு கப்பலிலிருந்து நேரே வீட்டுக்கு வந்திருக்கிறான்.

மண்ணாங்கட்டி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே வரவில்லை.

செய்தி பரவியதும் தெருவே ஆசுபத்திரிக்குத் திரண்டு வந்தது. கெங்கம்மா கஞ்சியோடு வந்து, "நம்ம புள்ளைன்னு தெரியாம பூட்ச்சே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். கண் மங்கல் எல்லாருக்கும் ஒரே நாளில் குணமாகிவிட்டது. நடையைப் பார்த்தபோதே சந்தேகப்பட்டேன் என்றான் ஒருவன். வேண்டாமென்று தடுத்தேன் என்றான் இன்னொருவன். ஏட்டுக்கு ஆத்திரமாக வந்தது.

இன்ஸ்பெக்டருக்கு இப்போது இன்னும் சுலபம். "அண்ணன் தம்பி விவகாரம்யா. குடும்பத்துக்குள்ள பேசித் தீர்த்துக்கட்டும். பிராதை வாபஸ் வாங்கிக்கச் சொல்லு" என்று அனுப்பிவிட்டார்.

ஏட்டு கட்டிலருகே வந்து அதை மா தின்னிடம் சொன்னார். தெருவும் சேர்ந்துகொண்டது. மேஸ்திரி ஜெயிலுக்குப் போனால் அவர் குடும்பம் என்னாகும், எல்லாம் ஒரே ரத்தம்தானே, நீயும் இனிமே எங்க வூட்டுப் பொண்ணுதானே என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு வருஷமாக யாருக்கும் வராத அந்த வார்த்தை அன்றைக்கு எல்லார் வாயிலும் வந்தது.

மா தின் துவைத்துக் காயவைத்த சட்டையை வரதன் மேல் போர்த்திவிட்டு எழுந்தாள்.

"நான் புருசனை அடிச்சாங்கன்னு பிராது குடுக்கல. பர்மாக்காரரை அடிச்சாங்கன்னு குடுத்தேன். அது அப்டியே இருக்கட்டும்."

"அதான் பர்மாக்காரன் இல்லேன்னு ஆயிட்ச்சேம்மா!" என்றாள் கெங்கம்மா.

"அடிக்கும்போது அவரு பர்மாக்காரருதான்."

ஏட்டு அவளைப் பார்த்தார். வந்த நாள்முதல் முதல் தடவையாக, ஒரு மனுஷியை நம்பிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. தெருவின் பக்கம் திரும்பினார்.

"பிராது இருக்கு. சாட்சி யாரு?"

கெங்கம்மா கஞ்சிச் சொம்பைத் துடைத்தாள். நடையைப் பார்த்தவனும் தடுத்தவனும் ஒருவர் பின்னால் ஒருவர் நகர்ந்தார்கள். வரதன் வீக்கம் குறைந்த ஒரு கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தான். மண்ணாங்கட்டி அப்போதுதான் உள்ளே வந்தான்.

"எய்திக்க ஏட்டய்யா. நான்தான் சாட்சி."

"நீதான் ஒண்ணும் பார்க்கலேன்னியே?"

"பார்க்கல. கோணி போட்டா எங்களுக்கும் மூஞ்சி தெரியாது." அவன் தம்பியைப் பார்க்க முடியாமல் அந்தச் சட்டையையே பார்த்தான். "ஆனா என்னியக் கூப்ட்டான். காப்பாத்த வருவேன்னு கூப்ட்டுகீறான். நல்லாக் கேட்டுச்சு எனக்கு. கேட்டதுக்கு அப்பாலதான் ஓங்கி ஒண்ணு போட்டேன். தாடை ஒட்ஞ்சுது அப்போதான்."