மிதுஷாவின் வீடியோ

கதவைச் சாத்திவிட்டு இப்படிக் கிட்ட வந்து இருங்கள், கண்ணுகளே. கையிலிருக்கும் போனைக் கவிழ்த்து வையுங்கள். கடல்கடந்து, ரெய்னர்ஸ் லேன் என்ற ஊரில் நடந்த கதை ஒன்று சொல்லப் போகிறேன்.

அங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ரஞ்சனா ரீச்சர் படிப்பிக்கிறாள். அன்றைக்கு இணையத்தில் பொறுப்பாக நடப்பது பற்றிய பாடம். "கேளாமல் ஒருவரின் படத்தைப் பகிரக் கூடாது" என்று பலகையில் எழுதித் திரும்பினாள்.

பின்வரிசை வாங்கில் இருந்த மிதுஷா, பதின்மூன்று வயது, எழும்பினாள்.

"ரீச்சர், என்ர சாமத்தியவீட்டு வீடியோவை ஆர் என்னட்டைக் கேட்டுப் போட்டவை?"

"மே..." என்று யாரோ ஆடு போலக் கத்த, வகுப்பே சிரித்தது. மிதுஷா புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

விசாரித்தபோதுதான் ரஞ்சனாவுக்கு விளங்கியது. பூப்புனித நீராட்டு விழாவில், பல்லக்கிலிருந்து இறங்கும்போது பிள்ளை இடறி விழுந்து அழுத துண்டை வெட்டி, ஆட்டுச் சத்தம் சேர்த்து யாரோ பரப்பியிருக்கிறார்கள். அவளுடைய ஆங்கிலப் பள்ளிக்கூடத்திலும் இப்போது அதே கத்தல்தானாம்.

அன்றே தகப்பன் இராஜேந்திரனுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, நீங்கள் பேஸ்புக்கிலை போட்ட முழு வீடியோவை எடுத்துவிடுங்கோ. பிள்ளை பாவம்."

"என்ன ரீச்சர் கதைக்கிறியள்? ஊரே வாழ்த்தின வீடியோ. இப்ப எடுத்தால், பிள்ளையிலை ஏதோ குறையாக்கும் எண்டு சனம் கதைகட்டும். அதோடை, பெற்றோர் குறூப்பிலை முதல்முதல் போட்டது நீங்கள்தானே? பூப்படம் எல்லாம் வைச்சு!"

ஓம், ரஞ்சனாதான். தாய் ஆசையாக அனுப்பியதை, அவளும் ஆசையாக நூற்றெண்பது பேருக்கு அனுப்பிவிட்டாள். பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

அடுத்த சனி மிதுஷாவின் இடம் வெறுமையாக இருந்தது. பிள்ளை அறையை விட்டு வெளியே வருவதில்லை, எந்தப் பள்ளிக்கும் போவதில்லை என்று தாய் எழுதியிருந்தாள்.

ரஞ்சனா அன்று பலகைப் பக்கம் போகவில்லை. "அந்த வீடியோவை மிதுஷாவிட்டைக் கேளாமல் முதல் பகிர்ந்தது நான். பிழை என்ர" என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மிதுஷாவோடு படிக்கும் ஜதுர்ஷிகா எழும்பி விம்மினாள். "சொறி ரீச்சர். நீங்கள் குறூப்பிலை போட்டதை அம்மாட போனிலை இருந்து எடுத்து நான்தான் வெட்டினனான். அழிச்சிட்டன். ஆனா மற்றவையின்ர போனிலை இருக்கிறதை என்னாலை அழிக்க ஏலாது."

வகுப்பில் சொன்னதையே ரஞ்சனா பெற்றோர் குறூப்பிலும் எழுதினாள். "குறை பிள்ளையில் இல்லை, என்னில். தயவுசெய்து எல்லாரும் அழியுங்கள்" என்றும் சேர்த்தாள். சிலர் அழித்தார்கள். சிலர் என்ன வீடியோ என்று கேட்டுத் தேடிப் பார்த்தார்கள். பின்னேரம் இராஜேந்திரனும் பேஸ்புக்கிலிருந்து எடுத்துவிட்டான்.

மிதுஷாவிடமிருந்து ஒரு வரி வந்தது. "தாங்ஸ் ரீச்சர். ஆனா இனி நான் வரமாட்டன்."

ரஞ்சனா பதில் எழுத மூன்று தரம் தொடங்கி, மூன்று தரமும் அழித்தாள். வகுப்பு வரவு இடாப்பில் அந்தப் பெயரை மட்டும் வெட்டவில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளே. உங்கள் வீட்டில் பிள்ளைகளின் சொல் அம்பலம் ஏறட்டும். அவர்களின் கண்ணீரைப் பார்த்து ஊர் சிரிக்கும் நாள் உங்கள் வாசலுக்கு வராதிருக்கட்டும். நல்லாயிருங்கள்.