உப்பும் தண்ணியும்

1

இந்தக் கதை ஒரு சொல்லில் பிறந்தது, மறைக்க மாட்டேன். 'காரம்' என்ற சொல். நாக்கைச் சுடுவதற்கும் அதுதான் பெயர், ஆய்வகத்தில் அமிலத்துக்கு எதிரே நிற்பதற்கும் அதுதான் பெயர். ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தால் வீட்டில் சண்டை வராமல் இருக்குமா? ரூபி வீட்டில் வந்தது.

2

ரூபி, கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். அவள் கணவன் ரெஜின் விளாத்திகுளம் பக்கம் மிளகாய் வற்றல் வாங்கி விற்பவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடன் வேலை பார்க்கும் டீச்சர்கள் சாப்பிட வந்தார்கள். கறிக்குழம்பில் காரம் தூக்கலாகிவிட்டது. ரெஜின் எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தான்.

"புழிஞ்சு சாப்பிடுங்க டீச்சர். அமிலமும் காரமும் சேந்தா உப்பும் தண்ணியும் ஆயிரும்லா? எங்க ரூபிதான் சொல்லுவா."

ரூபி சிரித்துவிட்டாள். "அய்யோ, அந்தக் காரம் வேற, இந்தக் காரம் வேற! மானத்த வாங்காதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் வீட்டில் பாடத்தைச் சொல்லிப் பார்க்கும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆசையாக மனதில் வாங்கி வைத்திருந்த வரி அது. அன்றிலிருந்து ரெஜின் அவளிடம் பேசுவதில்லை.

3

கரிசல் மண் வெடித்துக் கிடப்பதுபோல அவர்கள்

(அடித்துவிட்டேன். இந்தப் பக்கத்துக் கதை என்றால் உடனே வெடித்த மண்ணைப் பிடித்துக்கொள்கிறோம். பாவம், அது.)

மாணவிகள் போன பிறகு ரூபி ஆய்வகத்தில் தனியாக நின்றாள். குடுவையில் நிறங்காட்டி கலந்த அமிலம், மேலே குழாயில் காரம். சொட்டுச் சொட்டாக விட்டாள். கடைசிச் சொட்டில் இளஞ்சிவப்பு மிதந்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே கானலில் ஒரு ரயில், போகிறதா நிற்கிறதா தெரியவில்லை. அதைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் குடுவையில் நிறம் வெளிறியிருந்தது. காற்றிலும் கொஞ்சம் அமிலம் உண்டு, சும்மா நின்றால் நிறத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். இன்னொரு சொட்டு விட வேண்டும்.

வேதிச் சமநிலை என்றால் நின்றுபோனது என்று அர்த்தமில்லை என்று அவள் வகுப்பில் சொல்வாள். முன்னே போவதும் பின்னே வருவதும் ஒரே வேகத்தில் நடப்பதால் வெளியே அசைவு தெரிவதில்லை.* வீட்டிலும் அப்படித்தானே? அவள் அவன் சட்டையைத் தேய்த்து வைக்கிறாள், அவன் அவள் வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வைக்கிறான். பேச்சு மட்டும்தான் இல்லை. இப்படியே காலம் முழுக்க ஓடிவிட்டால் என்று நினைத்ததும் அவளுக்குப் பயம் வந்தது.

* சமநிலையை அசைக்க வெளியிலிருந்து எதையாவது சேர்க்கலாம். நான் ஒரு விருந்தாளியைச் சேர்த்துப் பார்த்தேன். கடம்பூர் போளியைத் தின்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

4

முடிவு ஒன்று: ரெஜின் மன்னிக்கிறான். (அவள் இன்னும் கேட்கவே இல்லையே!)

முடிவு இரண்டு: ரூபி அம்மா வீட்டுக்குப் போகிறாள். பஸ் ஸ்டாண்டு வரை கூட்டிப்போனேன். ஏற மாட்டேன் என்றுவிட்டாள்.

5

ஒருநாள் குழம்பில் மறுபடியும் காரம் தூக்கல். (வேண்டுமென்றே போட்டாளா என்று நான் கேட்கவில்லை.) ரெஜின் முகம் சிவக்க, வாய் திறக்காமல் சாப்பிட்டான். ரூபி எழுந்துபோய் எலுமிச்சம்பழத்தை நறுக்கி வந்து, பாதியை அவன் தட்டில் பிழிந்தாள். அவள் படித்த வேதியியலில் இதற்கு இடமில்லை.

"ஏங்க, இப்ப உப்பும் தண்ணியும் ஆயிரும், பாருங்க. அன்னைக்கு நான் சிரிச்சிருக்கப்படாது."

ரெஜின் ஒரு வாய் எடுத்து வைத்தான். கண்ணில் நீர் கட்டி வழிந்து உதட்டோரம் இறங்கியது. மிளகாயால்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"காரம் கொறஞ்சிருக்கா?" என்று கேட்டாள்.

அவன் வாயைத் திறக்கிறான்.

பதிலை நான் எழுதப்போவதில்லை. எலுமிச்சம்பழத்தில் இன்னொரு பாதி மிச்சம் இருக்கிறது. உங்கள் வீட்டில் பேசாமல் சாப்பிடுகிறவர் யாராவது இருந்தால், அவர் தட்டில் பிழிந்துவிட்டு அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.