அடம்பம்பூ பூத்த கரை

விக்டோரியாவுக்கு விடிந்ததுமே சோதனை வந்தது. கப்பல் வேலையை ஒரேயடியாக முடித்துக்கொண்டு முந்தாநாள் வந்து சேர்ந்த அவள் புருஷன் ஜெரால்டு, காபியைக் குடித்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். "ஏளா, வா. போன்ல சொல்லுவியே, அந்தக் கரையப் பாத்துட்டு வருவோம்."

சொன்னாள்தான். கொஞ்சமா நஞ்சமா சொன்னாள்? கலியாணமானதிலிருந்து பூ பூக்கும் பங்குனிக்கு ஒரு தடவைகூட அந்த மனுஷன் கீழவைப்பாரில் இருந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவார், பொங்கல் கழிந்ததும் கப்பல் ஏறிவிடுவார். எஞ்சின் ரூமில் வேலை; கடலிலேயே கிடந்தும் கடலைப் பார்க்க முடியாத வேலை. "அங்கன இப்ப என்ன தெரியுது?" என்று போனில் ஏக்கமாகக் கேட்பார். மூணு பூ பூத்திருக்கு என்றா சொல்ல முடியும்? கரை முழுக்க அடம்பம்பூ, கால் வைக்க இடமில்லை என்பாள். உப்பளத்தில் ஆயிரம் பூநாரை நிக்கி, தண்ணியே தெரியலை என்பாள். ஊரை அவர் மறந்துவிடக் கூடாது, தன்னையும். அதற்குத்தான் அத்தனை அளப்பும். இத்தனை வருஷமும் ஒரு பொய்க்காரியின் பேச்சையா கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அவர் நினைத்துவிட்டால்? முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பாள்?

வழியில் உடைமரங்கள் மஞ்சளாகப் பூத்து வாசம் வீசின. அந்த மட்டுக்கும் மாதா காப்பாற்றினாள். பொட்டலில் முட்டை வைத்திருந்த ஆள்காட்டிக் குருவி ஒன்று அவர்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டே கூட வந்தது. கரைக்கு வந்தால், கிழிந்த வலைத்துண்டுகளுக்கு நடுவே அடம்பங்கொடி அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் பூத்திருந்தது. பக்கத்து உப்பளத்தில் மூன்றே மூன்று பூநாரை.

ஜெரால்டு பூவைப் பார்த்தார், பூநாரைகளை எண்ணினார். பிறகு, இன்னும் கப்பலில் இருக்கும் கூட்டாளி சிவபாலனுக்குப் போன் போட்டார்.

"ஏலே, உங்க மதினி சொல்லுவாள்லா, அங்கனதாம்லே நிக்கேன். கால் வைக்க எடமில்லலே, அம்புட்டுப் பூ. பூநாரை ஆயிரத்துக்குக் கொறையாது."

"மதினி பேசுறத ஸ்பீக்கர்ல போடுவீங்கள்லா, சும்மா அளந்து விடுதாங்கன்னுல்லா நெனச்சேன்," என்றான் சிவபாலன். "அண்ணாச்சி, வீடியோல காட்டுங்க."

"டவர் இல்லலே." போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவள் பக்கம் திரும்பவில்லை.

விக்டோரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"ஆயிரம்னா சொன்னீய?"

"ஏன், கூடிப்போச்சா?"

"இந்த வருசம் ரெண்டாயிரம்லா."

குருவி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. உப்பளத்தில் ஒரு பூநாரை சிறகை விரித்தது. உள்ளே அத்தனை சிவப்பு.