காணிக்கைத் தட்டில் மாத்திரை அட்டை

ஜீனாவுக்கு அந்த மாத்திரையைக் கண்டாலே குமட்டும். அதை விழுங்கிவிட்டுப் படுத்தால் காலையில் தலையணை எச்சிலில் ஊறிக் கிடக்கும். உறையை எப்படித் துவைத்தாலும் புளித்த வாடை போவதில்லை. உடம்பு பெருத்துச் சுடிதார்களை எல்லாம் பிரித்துத் தைத்தாயிற்று. தனுவச்சபுரம் கல்லூரியில் மாலை வகுப்பில் உட்கார்ந்தால் கண் செருகும். பக்கத்தில் இருக்கும் லிஜா பேனாவால் குத்தி எழுப்புவாள்.

ஆனால் காதில் கேட்ட குரல் போயிருந்தது. மூன்று வருடம் முன்பு காதுக்குள் ஒருவன் கட்டளையிட்டுக்கொண்டே இருந்தான். அவன் சொன்னான் என்று பாறசாலை பஸ் ஸ்டாண்டில் உடுப்பைக் கிழித்தவள் அவள். இப்போது நல்ல சுகம். மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டாள். "நிறுத்தணும்னா மெல்ல மெல்லக் குறைப்போம். திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம். ஒரேயடியா மட்டும் விட்டுராதீங்க" என்றார் அவர். அந்த 'லாம்' அவளை அரித்தது. காலையில் குறைப்பது என்று முடிவெடுப்பாள். சாயங்காலம் பயந்து மாற்றிக்கொள்வாள்.

இந்த நேரத்தில்தான் அமரவிளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அம்மா ரத்னபாய் உடனே வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தாள். உபதேசியார் ரெத்தினதாஸ் வாழைக்காய் பஜ்ஜி தின்ற எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்து ஜீனாவைப் பார்த்தார்.

"மக்களே, எழும்பிச் சாட்சி சொல்லு. கர்த்தர் சொகம் தந்தாரா இல்லியா?"

"தந்தாரு மாமா. மருந்தும் தின்னேன்."

"மருந்தை விடு பிள்ளே. அது மனுசன் செய்ததாக்கும்."

"நீங்க பிரஷருக்குத் தின்னுறது யாரு செய்தது?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உபதேசியார் கேட்காதவர்போல் பாட்டைத் தொடங்கிக் காணிக்கைத் தட்டைச் சுற்றில் விட்டார். தட்டு தன்னிடம் வந்ததும் ரத்னபாய் முந்தானைக்குள்ளிருந்து மாத்திரை அட்டையை எடுத்துச் சில்லறைமேல் வைத்தாள்.

"எனக்க மோளுக்கு இனி இது வேண்டாம், உபதேசியாரே."

"அல்லேலூயா!" என்றது கூட்டம்.

நிறுத்த ஆசைப்பட்டவள் ஜீனாதான். அதே ஆசை, அமரவிளைக்காரர்களுக்காக, எண்ணெய்ப் பிசுக்கேறிய தட்டில் கிடந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காதுக்குள் இருந்தவனும் கேட்டதில்லை.

எழுந்து போய் அட்டையை எடுத்தாள்.

"ஏ பிள்ளே, என்ன செய்யிய?" ரெத்தினதாஸ் தட்டை இழுத்தார். "தட்டில போட்டது கர்த்தருக்குள்ளதாக்கும். திரும்ப எடுக்கப்பிடாது."

"போட்டது நான் இல்ல மாமா. பின்னே, கர்த்தருக்கு இது என்னத்துக்கு? அவருக்குத் தலைக்குச் சொகமில்லியா?"

"தூஷணம்!" என்று ஒருத்தி காதைப் பொத்தினாள்.

ரத்னபாய் ஜீனாவை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். "நல்ல குடும்பமாக்கும்டீ. மருந்து தின்னுறது தெரிஞ்சா வருவாவளா? நீயுந்தான நிறுத்தணும்னு கெடந்த?"

"நிறுத்துவேன், நிறுத்தாமலும் இருப்பேன். டாக்டர்கிட்ட நானாட்டு போய்க் கேட்டு, கொஞ்சங் கொஞ்சமாட்டு குறைச்சுப் பாப்பேன். திரும்ப வந்தா மறுபடி தின்னுவேன். அமரவிளைக்காரங்களுக்கும் நானே சொல்லுவேன். கேட்டுட்டு வாறவங்க வரட்டு."

"ஒருத்தனும் வரமாட்டான்."

"வராண்டாம்."

தான் பேசியது சரிதானா, இதுவும் நோயின் வாலோ என்று ஒரு கணம் ஜீனா தன்னையே சந்தேகப்பட்டாள். வெளியே உபதேசியார் அவசரமாக ஆசீர்வாதம் கூறிக்கொண்டிருந்தார். அட்டையின் மேல் யாருடைய விரலோ பதிந்த எண்ணெய். அதைத் துப்பட்டாவில் துடைத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி, அருவருப்போடு வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.