மிஸ்டர் பில்ச் படகு பார்க்கப் போனார்

முப்பத்தோரு வருஷம் நாரிச் நகரத்தில் கார் ஓட்டுநர் தேர்வு நடத்தி, ஏறக்குறைய பாதி ஊரை அழவைத்துவிட்டு ரோலண்ட் பில்ச் ஓய்வு பெற்றார். மறுவாரமே அவருக்குப் படகு ஆசை பிடித்துக்கொண்டது. சின்னதாக ஒரு மோட்டார் படகு. படுக்க இரண்டு படுக்கை, தேநீர் போட ஓர் அடுப்பு. நார்ஃபோக் ஆறுகளில் வாத்து வேகத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் மனைவி பெரிலுக்குப் படகில் நாட்டமில்லை. தக்காளி வளர்க்க ஒரு கண்ணாடிக் கூடம் வேண்டும் என்று அவள் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் இந்த மனிதர் வீட்டிலேயே இருந்தால் ஜாம் பாட்டில் அடுக்குவதற்குக்கூட மதிப்பெண் போடுவார் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துபோனதால், "சரி, போய்ப் பாப்போம்" என்றாள்.

கையில் எட்டாயிரம் பவுண்டு இருந்தது. அந்தப் பணத்துக்கு ஆற்றில் கிடைப்பதெல்லாம் அவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் கட்டிய படகுகள். விளம்பரம் எழுதுகிறவர்கள் தனி அகராதியே வைத்திருந்தார்கள். 'கொஞ்சம் அன்பு தேவை' என்றால் ஓட்டை. 'தனிக் குணமுள்ள படகு' என்றால் நாற்றம். 'மனசில்லாமல் விற்கிறேன்' என்றால் வீட்டில் கெடு வைத்துவிட்டார்கள். ரோலண்டோ அச்சில் வந்ததை அப்படியே நம்புகிறவர். நாற்பத்திரண்டு கேள்விகள் தட்டச்சு செய்து, பழைய தேர்வு அட்டையில் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதல் படகு யேர் என்ற ஆற்றின் கரையில், 'கொஞ்சம் அன்பு' வகை. சன்னல் விளிம்பில் புல் முளைத்திருந்தது. விற்கிறவர் தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக நின்றார். ரோலண்ட் தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். அடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் பளபளத்தது.

"இது என்ன தண்ணி?"

"மழைத் தண்ணி, ராசா."

"மூணு வாரமா மழையே பெய்யலியே."

"இது பழைய மழை" என்றார் தொப்பிக்காரர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ரோலண்ட் அட்டையில் 'பழைய மழை' என்று எழுதிக்கொண்டார். பெரில் கரைக்குப் போய், வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது படகைக் காட்டியவர் டை கட்டிய தரகர். படகு அழகி. வெள்ளை உடம்பில் நீலக்கோடு, உள்ளே பூப்போட்ட திரைச்சீலை. ரோலண்டின் முகம் மலர்ந்தது. என்ஜின் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு சாக்கு உருளைக்கிழங்கு இருந்தது.

"என்ஜின் எங்க?"

"இப்ஸ்விச்ல ஒரு மெக்கானிக்கிட்ட இருக்கு, சார். வேலை முடியற நேரம்."

"எப்போ கொடுத்தது?"

"போன... அதுக்கு முந்தின வருஷம்."

"அப்ப இதை ஓடுற படகுன்னு எப்படிப் போட்டீங்க?"

தரகர் புண்பட்டுப்போனார். "ஆறு ஓடுதே, சார். கயித்தை அவுத்துவிட்டா இதுவும் ஓடும்."

இப்படியே ஒரு வசந்த காலம் முழுக்கப் போயிற்று. பதினோரு படகுகள். ஒன்றின் படுக்கை ஐந்தடி, ரோலண்ட் ஆறடி. இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. விற்கிறவர் தானும் அதே பக்கம் சாய்ந்து நின்றபடி பேசினார். வீடு திரும்பும் வழியில் ரோலண்ட், "இந்த நாட்டுல நேர்மையே செத்துப்போச்சு" என்பார். "படகுத்துறையில மட்டும்தான். தக்காளிக் கடையில இன்னும் இருக்கு" என்பாள் பெரில்.

ஒருநாள் ஸ்டேலம் பக்கத்தில் ஒரு கிராமக் கடை. ரொட்டி வாங்கப் போன பெரில் கண்ணாடியில் ஒட்டியிருந்த அஞ்சலட்டையைப் பார்த்தாள். 'படகு. ஓடும். உள்ளே நனையாது. லோர்னா' என்று எழுதி, விலாசம் போட்டிருந்தது. விலை ஏழாயிரத்து இருநூறு.

போனார்கள். நாணல் புதருக்கு நடுவே ஒரு சின்னத் துறையில், துடைத்துவைத்த தட்டு மாதிரி ஒரு படகு நின்றது. அதன் மேலிருந்து ஐம்பது வயதுக்காரி ஒருத்தி இறங்கி வந்தாள். ரோலண்டையும் அவர் கையிலிருந்த அட்டையையும் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"மிஸ்டர் பில்ச்!"

"நாம முன்னாடி பார்த்திருக்கோமா?"

"அஞ்சு தடவை. லோர்னா கேட்ச்போல். அஞ்சு தடவையும் என்னை ஃபெயில் ஆக்கினீங்க."

ரோலண்டுக்கு முகம் ஞாபகமில்லை. தவறுகள் ஞாபகமிருந்தன. "பச்சை நிற ஃபியஸ்டா. திரும்பும்போது கண்ணாடி பாக்க மாட்டீங்க."

"நீங்க பக்கத்துல உக்காந்திருக்கும்போது கண்ணாடியில என் மூஞ்சியே எனக்குத் தெரியாதுங்க. அஞ்சாவது தடவை முடிஞ்சதும் வீட்டுக்குப் போய் அழுதேன். மறுநாள் இந்தப் படகை வாங்கினேன். ஆத்துல யாரும் லைசென்ஸ் கேக்கல."

அப்புறம் அவள் சொன்ன கதை இதுதான். லோர்னா முடி திருத்துகிறவள். கார் ஓட்டத் தெரியாததால் படகிலேயே கத்தரிக்கோலும் ஹேர் டிரையரும் ஏற்றிக்கொண்டு ஆற்றோரக் கிராமங்களுக்குப் போனாள். பத்தொன்பது வருஷம். இப்போது வாடிக்கை பெருகி, இரண்டு நாற்காலி போடுகிற பெரிய படகாக வாங்கியிருக்கிறாள். அதனால் இதை விற்கிறாள்.

"அப்ப நான் உங்களுக்கு நல்லதுதான் செஞ்சிருக்கேன்" என்றார் ரோலண்ட்.

"ரோலண்ட், வாயை மூடு" என்றாள் பெரில்.

நாற்பத்திரண்டு கேள்விகளுக்கும் லோர்னாவிடம் பதில் இருந்தது. என்ஜின் முதல் தட்டலில் கிளம்பியது. அடியில் புதியதோ பழையதோ, எந்த மழையும் இல்லை. பாதுகாப்புச் சான்று இன்னும் மூன்று வருஷத்துக்குச் செல்லும். ரோலண்ட் காசோலைப் புத்தகத்தை எடுத்தார்.

"இருங்க" என்றாள் லோர்னா. "ஓட்டத் தெரியாதவங்க கையில நான் இதைக் கொடுக்க மாட்டேன். ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க." சொல்லிக்கொண்டே அவர் கையிலிருந்து அட்டையையும் பேனாவையும் வாங்கிக்கொண்டாள். பெரில் பின் இருக்கைக்குப் போக, லோர்னா அவர் பக்கத்து இருக்கையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "நான் வேற மாதிரி சொல்ற வரைக்கும் நேராப் போய்ட்டே இருங்க, மிஸ்டர் பில்ச். ரெடியானதும் கிளம்பலாம்."

அந்த வாக்கியத்தை அவர் பல்லாயிரம் தடவை சொல்லியிருப்பார். கேட்டது இதுதான் முதல் தடவை.

படகில் பின்புறம்தான் திரும்பும், முன்புறம் சும்மா வேடிக்கை பார்க்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சுக்கான் சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினார், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் திருப்பினார், எல்லாம் ஒரேயடியாக நடந்தது. அவசரமாக மறுபக்கம் திருப்பினார். படகு குடித்தவனைப் போல ஆற்றின் இரண்டு கரைகளையும் விசாரித்துக்கொண்டு போயிற்று. வாடகைப் படகில் வந்த இளவட்டங்கள் பியர் டப்பாவை உயர்த்தி, "அப்படிப் போடு, பெரியவரே!" என்று கூவினார்கள்.

"பிரேக் எங்க?" என்றார் ரோலண்ட்.

லோர்னா ஏதோ எழுதினாள். அந்தப் பேனா கீறும் ஓசை என்ஜின் சத்தத்தையும் மீறி அவர் காதில் விழுந்தது. அவருக்கு முழங்கால் நடுங்கியது. எத்தனை முழங்கால்கள் இப்படித் தன் பக்கத்தில் நடுங்கின, தான் ஒன்றையாவது பார்த்தோமா என்று நினைத்தார். நினைத்துக்கொண்டிருந்ததில் வளைவை விட்டுவிட்டார். படகு நாணலைக் கிழித்துக்கொண்டு போய் ஒருவர் வீட்டுப் புல்தரையில் மூக்கை வைத்தது. அங்கே மதியச் சாப்பாட்டில் இருந்த மனிதர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டு, திரும்பவும் சாப்பிட ஆரம்பித்தார்.

"வருந்துறேன், மிஸ்டர் பில்ச்" என்றாள் லோர்னா, குரலை உயர்த்தாமல். "இந்தத் தடவை நீங்க தேர்ச்சி பெறல."

ரோலண்டின் கண் கலங்கிவிட்டது. பெரில் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல், "எந்திரி. யாராவது இதை வெளிய எடுக்கணும்ல" என்றாள்.

அவள் வாழ்க்கையில் எதையும் ஓட்டியதில்லை. கல்யாணமான புதிதில் ரோலண்ட் அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் நாளே அவள் சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது சக்கரத்தைப் பிடித்தாள். லோர்னா அட்டையைக் கீழே வைத்துவிட்டு, "மெதுவா, கண்ணு. திருப்பிட்டு அது யோசிக்கட்டும்னு காத்திருங்க" என்றாள். பெரில் காத்திருந்தாள். அந்த வித்தையில் அவளுக்கு நாற்பது வருஷப் பழக்கம். படகு பின்வாங்கி, நாணலை விட்டு வெளியே வந்து, நடு ஆற்றில் நேராக நின்றது. தட்டுக்காரர் முள்கரண்டியை உயர்த்திக் காட்டினார்.

துறைக்கு வந்து சேரும்வரை பெரில் யாருக்கும் சக்கரத்தைக் கொடுக்கவில்லை. கன்னம் சிவந்திருந்தது. கண்ணாடிக் கூடத்தைப் பற்றி அன்றைக்கு ஒரு பேச்சும் இல்லை.

"விக்கிறேன். ஆனா பத்திரம் உங்க பேர்ல" என்றாள் லோர்னா அவளிடம். ரோலண்ட் தலையாட்டினார். காசோலையில் கையெழுத்து மட்டும் அவருடையது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் லோர்னாவிடம் பாடம். கூலிக்குப் பதில் அவளுடைய பெரிய படகுக்கு அவர் பெயின்ட் அடித்தார். ஜூனில் ஃபெயில். ஜூலையில் ஒரு மீன்பிடிப்பவரின் தூண்டிலையும் மதிய உணவையும் இழுத்துக்கொண்டு வந்து ஃபெயில். செப்டம்பரில் லோர்னா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தை அவர் சமையலறை ஃபிரிட்ஜில் ஒட்டி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி விளக்கையும் திருப்பி வைத்தார்.

பெரில் அவரை இப்போது ஓட்ட விடுகிறாள். ஆறு அகலமாக, நேராக, எதிரில் யாரும் வராமல் இருக்கும் இடத்தில்.