இடப்பக்கம் இழுத்த புல்லட்

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் புதிதாக மாட்டிய புல்லட் இடப்பக்கம் இழுத்தது. டாலிகஞ்சில் வீட்டுக்கு முன்னால் இருக்கும் நேர் ரோட்டில் சுரேந்திரன் கைப்பிடியை லேசாகத் தளர்த்திப் பார்த்தான். யாரோ கூப்பிட்ட மாதிரி வண்டி சாக்கடைப் பக்கம் சாய்ந்தது. இறங்கி டயரில் காற்றைப் பார்த்தான், சரியாகவே இருந்தது. மறுபடி ஓட்டினான். மறுபடியும் இடப்பக்கம்தான்.

முதலில் அவன் சந்தேகப்பட்டது தன்னைத்தான். அது அவனுக்குப் பழக்கம். புல்லட் எழுபதுகளில் செய்தது. ஃபோர்க்கோ இந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் பைக்கிலிருந்து கழற்றியது. தங்க நிறத்தில் பருமனான குழாய்கள், சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். அதன் நடுத்தண்டு புல்லட்டின் கழுத்துக்குள் சேரவில்லை. நீளமும் போதவில்லை, பருமனும் ஒத்துவரவில்லை. வேறு தண்டு கடைந்தது சுரேந்திரன்தான், தொழிற்பயிற்சி மாலை வகுப்பு லேத்தில், இரண்டு தடவை கெடுத்த பிறகு. இப்போது அதைக் கழற்றி அளந்தான். கோணல் இல்லை. அளந்த கை தப்பாக இருக்கலாமே என்று வகுப்பில் வாத்தியாரிடம் நீட்டினான். அவரும் அளந்துவிட்டு, தண்டில் குற்றமில்லை, போய் வேறெதையாவது சந்தேகப்படு என்று அனுப்பிவிட்டார்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அக்கா தமிழரசிக்குச் சௌல்தாரி சுகாதார நிலையத்துக்கு மாற்றல் ஆகியிருந்தது. புல்லட் மச்சான் ராஜசேகருடையது. அவருக்கு ஆபீஸ் ஜீப் வந்துவிட்டதால், வரும் திங்கள்கிழமை முதல் புல்லட்டை ஓட்டப் போவது அவள். மழையில் அந்தப் பக்கத்து இறக்கங்களில் பழைய முன் பிரேக்கை நம்ப முடியாது. பிரேக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பயப்படாமல் ஓட்டு என்று அவளிடம் சொல்லியிருந்தான்.

தண்டு தப்பில்லை என்றால் ஃபோர்க்தான் வளைந்திருக்க வேண்டும். அந்த நினைப்புக்கு வலு சேர்த்தவர் மச்சான். எட்டிப் பார்க்க வந்தவர் டீ கிளாஸோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தத் தங்கக் கலர எங்கயோ பாத்திருக்கேன்டா. லம்பா லைன் வளைவுல ஒரு பொடியன் விழுந்து செத்தானே, அவன் வண்டியில இதே கலருதான்."

சுரேந்திரன் கையைக் குழாயிலிருந்து எடுத்துக்கொண்டான். ஃபோர்க்கைத் தந்தவன் கோகுல். வகுப்பில் பக்கத்து லேத்துக்காரன், பகலில் ஒரு பைக் பட்டறையில் வேலை. சென்னையிலிருந்து அவன் சித்தி மகன் கப்பலில் கொண்டுவந்ததாகச் சொன்னான். கப்பலில் வருகிறவர்கள் கையில் சாமான் கொடுத்தனுப்புவது இந்தத் தீவில் எல்லாரும் செய்வதுதான். அப்படி வந்த சாமானுக்கு யாரும் பில் கேட்பதில்லை. கேட்டால் கொண்டுவந்தவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி. அதனால் சுரேந்திரனும் கேட்கவில்லை. இப்போது அந்தக் கேட்காத பில் உறுத்தியது. போர்வையில் சுற்றி வந்ததே, அந்தப் போர்வை ஏன் அவ்வளவு சுத்தமாக இருந்தது? கப்பல் அடித்தளத்தில் கிடந்த சாமானுக்கு ஒரு பொட்டு உப்புக் கறைகூட இல்லையே?

மறுநாள் பட்டறைக்குப் போய், நேராகக் கேட்க வாய் வராமல், சித்தி மகன் எந்தக் கப்பலில் வந்தான், எப்போது இறங்கினான் என்று சுற்றி வளைத்தான். கோகுல் ஸ்பேனரைத் துடைத்தபடி பொறுமையாகப் பதில் சொன்னான். கடைசியில் லம்பா லைன் என்ற வார்த்தை வந்ததும் துடைப்பதை நிறுத்தினான்.

"தோஸ்த், உனக்குச் சந்தேகம் வந்துடுச்சுன்னா என் சித்தியே வந்து சத்தியம் பண்ணாலும் நிக்காது. ஃபோர்க் டேடாவா, கோணலா இருக்கான்னு கழட்டிப் பாரு. இருந்தா கொண்டா, இந்த வாசல்ல வச்சே என்னைச் செருப்பால அடி. இல்லன்னா இந்தப் பக்கம் வராதே."

கோபம் நிஜமா நடிப்பா என்று யோசித்துக்கொண்டே சுரேந்திரன் வீடு திரும்பினான். சாப்பாட்டு மேஜையின் கண்ணாடியை எடுத்துச் சமதரையில் போட்டான். குழாய்களைக் கழற்றித் துடைத்து ஒவ்வொன்றாக அதன்மேல் உருட்டினான். வளைந்த குழாய் உருளும்போது கண்ணாடிக்கும் அதற்கும் நடுவே வெளிச்சம் வந்து வந்து போகும். கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான். வெளிச்சம் ஆடவே இல்லை. கண்ணாடியே வளைந்திருக்குமோ என்று அதைத் திருப்பிப் போட்டும் உருட்டினான். இரண்டு குழாயும் நேர்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, பின்சக்கரத்தின் இரு பக்கமும் நூல் பிடித்து முன்சக்கரம் வரை இழுத்துக் கட்டினான். முன்சக்கரம் நூலுக்கு ஒத்து நிற்கவில்லை. மேல்புறம் தள்ளியும் கீழ்ப்புறம் ஒட்டியும், ஒட்டுக்கேட்பவன் தலை மாதிரி சாய்ந்து நின்றது. ஃபோர்க் நேர், தண்டு நேர். மிச்சம் இருப்பது அவை இரண்டையும் தாங்கும் வண்டியின் கழுத்துதான். தளர்ந்த பழைய ஃபோர்க் அந்தக் கோணலை இத்தனை நாள் விழுங்கியிருக்கிறது. இறுக்கமான புதியதால் விழுங்க முடியவில்லை.

அப்போதுதான் அவன் மச்சானைப் பற்றி யோசித்தான். ஜீப் வரும்வரை புல்லட்டை யாருக்கும் ஓட்டக் கொடுக்காத மனிதர். வண்டியின் மேல் உள்ள பிரியம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவும் மச்சானும் வந்தார்கள். வண்டி இழுக்கிறது என்று கேட்டதும் மச்சான் பிடித்துக்கொண்டார். செத்தவன் சாமானை வீட்டு வண்டியில் ஏற்றலாமா, பழைய ஃபோர்க்கையே இன்றைக்கே மாட்டு என்றார். ஒரு முறை சொன்னால் போதும், மூன்று முறை சொன்னார். ஸ்பேனரையும் அவரே எடுத்து நீட்டினார்.

சுரேந்திரன் அதை வாங்கி, அதன் முனையால் பெட்ரோல் டாங்குக்குக் கீழே, கழுத்தோடு சட்டம் சேரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டினான். அங்கே மட்டும் பெயின்ட் தோல் மாதிரி தடித்திருந்தது. உள்ளே கரடுமுரடான வெல்டிங். அதன் ஓரத்தில் முடி மாதிரி ஒரு விரிசல்.

"இது எப்ப மச்சான்?"

ராஜசேகர் விரிசலைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார். ஒரு மாடு குறுக்கே வந்தது, அதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தி, நல்ல ஆளை வைத்துத்தான் பற்றவைத்தேன் என்று துண்டு துண்டாகச் சொன்னார்.

தமிழரசி குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"கல்யாணமான நாள்ல இருந்து இதுல ஒங்க பின்னாடி உக்காந்து வாறேன்."

"ஒண்ணும் ஆகலையே தமிழு."

"நாளைக்கு நான் தனியா ஓட்டுறதா இருந்தேன். அப்பவும் சொல்லல."

அவள் தம்பியைப் பார்த்தாள். "பெரிய பிரேக்கப் பிடிச்சா என்னடா ஆகும்?"

சுரேந்திரனுக்கு வழக்கமாக வரும் 'இருக்கலாம்', 'தெரியவில்லை' எதுவும் அப்போது வரவில்லை. பிடிக்கிற வேகம் முழுக்க இந்தக் கழுத்தில்தான் இறங்கும், ஏதோ ஓர் இறக்கத்தில் இது விட்டுவிடும் என்றான். பழைய ஃபோர்க் மாட்டினாலும் விடும், கொஞ்சம் தாமதமாக.

"அப்ப நாளைக்கி பஸ்தான்," என்றாள் அவள். "நீங்க ஜீப்புல போங்க."

மச்சான் ஸ்கூட்டர் வாங்கித் தருவதாகச் சொன்னபோது அவள் வாசல் தாண்டியிருந்தாள். அவர் செருப்பைக் காலில் சரியாக மாட்டாமலே பின்னால் போனார்.

சுரேந்திரன் அன்றே ஃபோர்க்கைக் கழற்றினான். கழற்றும்போது பட்டறை வாசலில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். குழாய் நேராக இருந்தது என்று தொடங்கலாம். ஆனால் அதைத்தான் கோகுல் முதல் நாளே சொல்லிவிட்டானே. இந்தப் பக்கம் வராதே என்றும் சொல்லியிருக்கிறான். அதே போர்வையைத் தேடி எடுத்துக் குழாய்களைச் சுற்றினான், பிரித்தான், மறுபடி சுற்றினான். பிறகு தோளில் வைத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் நடந்தான்.