காலிக் கட்டில்

எழுத உட்கார்ந்தால் சினிமா விமர்சகருக்குக் கை ஓடாது. வாய் மட்டும் நிற்காது. அவர் சொல்லச் சொல்ல மனைவிதான் தட்டச்சு செய்வாள். மூன்று வருடமாக நோயில் படுத்த படுக்கையாகக் கிடந்தும், இந்த ஒரு வேலையை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

அறைக்குள் நடந்துகொண்டே அவர் கட்டுரையைச் சொன்னார்: "படத்தில் கணவன் காணும் கனவு பயமல்ல, ஆசை. வெளியே சொல்ல வாய் கூசும் ஆசைதான் கனவில் பயமாக வேஷம் போட்டு வரும். அதனால்தான் மனைவியின் கட்டில் காலியாகக் கிடக்கிறது. நீல விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை."

தட்டும் சத்தம் நின்றது.

"என்னங்க, படத்துல கட்டில் காலியா இல்லையே. கனவுல அவ எழுந்து நடந்து வருவா. நேத்துதானே ரெண்டு பேரும் பார்த்தோம்?"

அவர் பார்வை அவள் கட்டிலுக்குப் போனது. தன் கட்டிலின் நீல விரிப்பில் விழுந்திருந்த சுருக்கங்களை அவள் உள்ளங்கையால் மெல்ல நீவிவிட்டாள்.

"அந்த வரிய அழிச்சிடும்மா."

"இருக்கட்டும். இவ்வளவு நாள்ல நீங்க மனசுவிட்டுச் சொன்னது இது ஒண்ணுதான். அடுத்து சொல்லுங்க."